ஜப்லா போட்ட ஜெனரேட்டர்

வாடகைக்கு ஜெனரேட்டர் விடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள், கூட்டத்தில் நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தின்போது, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று பெண் வீட்டில் ரகசியமாக விசாரித்திருக்கிறார்கள். அதனால் எழுதித் தருகிறேன். மடத்துக்குளத்தில் அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிழை இருந்தால் வாசிக்கிறவர் திருத்தி வாசித்துக்கொள்ளட்டும்.

ஆயில் எப்போது மாற்றுவது, பிளக்கை எப்படித் துடைப்பது, செட்டைச் சும்மா வைக்கும்போது பெட்ரோலை ஏன் வடிக்க வேண்டும் என்பதெல்லாம் செட்டோடு வரும் புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. அதை நான் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் திருப்பூரில் கரண்டு படுத்திய பாடு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். போகும் நேரம் தெரியும், வரும் நேரம் தெரியாது. பெரிய கம்பெனிகள் லாரி அளவுக்கு டீசல் செட் வைத்துக்கொண்டன. என்னிடம் இருந்தது கையில் தூக்கிப் போகும் பெட்ரோல் செட். பார்க்கச் சூட்கேஸ் மாதிரி இருக்கும். மொபட்டின் முன்னால் நிற்க வைத்தே கொண்டுபோவேன். இன்வெர்ட்டர் வகை என்பதால் அதிலிருந்து வரும் கரண்டு ஆடாது, அசையாது. பெரிய செட்டுக்கு எல்லா வேலையும் முடியும், ஆனால் அதன் கரண்டில் கம்ப்யூட்டரும் மென்மையான மெஷின்களும் அடம் பிடிக்கும். அந்த மாதிரி இடங்களில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். "சூட்கேஸ்காரரை வரச் சொல்லு" என்பார்கள். நிறையப் பேருக்கு என் பெயர் கடைசி வரைக்கும் தெரியாது. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

செட்டை வாங்கிய புதிதில் ஒரு மெக்கானிக்கிடம் கொஞ்ச நாள் போய்வந்தேன். நான் வாயே திறக்காமல் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர், "உனக்குன்னே பொறந்த தொழிலுடா இது. அது பேசும், நீ கேட்டுக்கிட்டே இரு" என்று கிண்டல் செய்தார். ஆனால் அவர் சொன்னதை நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. செட் ஓடும்போது நான் வேறெதுவும் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நல்ல செட் ஓடும் சத்தம், வயிறு நிறைந்த மாடு அசைபோடுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ மதியங்களை நிம்மதியாகக் கழித்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நடுவில் சொல்லிவிடுகிறேன். சத்தம் குறைவு என்பதால் இந்த வகைச் செட்டை ரூமுக்குள் வைக்கச் சொல்வார்கள். வெயில், மழை, இடமில்லை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். வைக்காதீர்கள். சத்தம் சிறியதாக இருந்தாலும் புகை புகைதான். ஒரு கடையில் அப்படிக் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் செட்டைத் திரும்பவும் மொபட்டில் ஏற்றினேன். அவர்களே வாசலில் இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். பேச வராதவனுக்கு இதெல்லாம் ஒரு வழி.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே ஒரு சந்தில் சின்ன யூனிட். ஓனர் செந்தில், தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அதுவரை மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன் யூனிட் பெயரிலேயே ஒரு வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருந்தார். பச்சைக் குழந்தைகளுக்குப் போடும் ஜப்லா. பட்டன் இல்லை, பக்கவாட்டில் முடிச்சுப் போடும் நாடாதான். நீலத்தில் பாதி, மஞ்சளில் பாதி. சரக்கு அன்று சாயங்காலம் லாரியேறித் தூத்துக்குடி போயாக வேண்டும். கப்பலை விட்டால் ஆர்டர் கையை விட்டுப் போகும், ஆர்டர் கொடுத்த பையர் மறுபடி அவர் யூனிட் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

குழந்தைச் சரக்குக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்து அதன் நுனி துணிக்குள் தங்கியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு ஜப்லாவையும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டு எடுக்க வேண்டும். பெல்ட்டில் வைத்தால் ஒரு சின்னக் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து விழும். இரும்பு இருந்தால் மெஷின் கத்தும், பெல்ட் நின்றுவிடும். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. அதற்குள் கடுகைவிடச் சிறிய ஓர் இரும்பு மணி இருக்கும். அட்டையை விட்டால் மெஷின் கத்த வேண்டும். செந்திலின் டீசல் செட்டில் அந்த மெஷின் வெறும் துணிக்கும் கத்தித் தீர்த்தது. அதனால்தான் நான் போனேன்.

பேக்கிங் ஹாலுக்கு வெளியே, ஜன்னல் ஓரமாகச் செட்டை வைத்து வயரை உள்ளே விட்டேன். மெஷினும் அதன் மேல் தொங்கிய ஒரு பல்பும் மட்டும் என் கரண்டில். டீசல் செட்டைத் தையல் மெஷின்களுக்கு மட்டும் விட்டிருந்தார்கள், ஹாலில் மற்ற விளக்குகள் எரியவில்லை. அட்டையை விட்டுப் பார்த்தார்கள். கத்தியது. நீலம் ஓட ஆரம்பித்தது.

பேக்கிங்கைக் கவனித்துக்கொண்டது ஜெயமேரி. திருநெல்வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். டெய்லராக இருந்து மேற்பார்வைக்கு உயர்ந்தவள். வாய் ஓயாது. நான் அவ்வப்போது பெயின்ட் பிரஷை எடுத்து, செட்டின் கம்பித் தடுப்பில் படிந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். திருப்பூரில் காற்றோடு பஞ்சும் பறக்கும், துடைக்கத் துடைக்க வந்து ஒட்டும்.

"என்னண்ணே, பிள்ளைக்குத் தல சீவுத மாதிரில்லா சீவிக்கிட்டே இருக்கிய?"

"பஞ்சு அடைச்சுக்குமுங்க அம்மிணி."

"ஒத்தப் பிள்ளையோ?"

ஹாலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பிரஷைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீலம் முழுதும் முடிந்து, டீ வந்தது. கைவசம் இருந்த பெட்ரோல் மஞ்சளுக்குப் போதாது என்று தோன்றியதால் செட்டை ஓடவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பங்கில் கூட்டம். ஊரில் பாதிப் பேர் கையில் கேன் இருந்தது. நான் திரும்பி வந்தபோது என் செட் சட்டை போட்டிருந்தது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். மிச்சத் துணியில், மஞ்சள் நிறத்தில், வாத்துப் படம் அச்சடித்த ஜப்லா. ஜெனரேட்டர் அளவுக்குக் கச்சிதமாகத் தைத்திருந்தாள் ஜெயமேரி. கைப்பிடி வெளியே வருவதற்கு மேலே ஒரு கழுத்து, அதைச் சுற்றி ரிப் துணியில் பட்டை. கீழே இழுத்துவிட எலாஸ்டிக். பக்கத்தில் நாடாகூட வைத்து முடிச்சுப் போட்டிருந்தாள். துணியும் தையல் மெஷினும் பக்கத்தில் இருந்தால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது.

"ஒங்க பிள்ள எப்படி இருக்காம்ணே?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இனிமே பஞ்சு அண்டாது. நீங்களும் சீவ வேண்டாம்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதுவரை என் செட்டுக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. அந்தச் சந்தோஷம் தீர்வதற்குள் காதில் விழுந்தது. செட்டின் சத்தம் சரியில்லை. ஏறியது, இறங்கியது, ஒரு நொடி விக்கியது, திரும்ப ஏறியது.

குனிந்து நாடாவை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் பழையபடி அடங்கியது.

"ஏம்ணே, அளவு பிடிக்குதோ?"

"அளவெல்லாம் கச்சிதமுங்க அம்மிணி. இது மூச்சு வாங்கோணுமில்லீங்களா..."

"அதுக்குத்தான பொக வாரதுக்கு ஓட்ட வச்சிருக்கேன்? பாருங்க, பின்னால."

வைத்துத்தான் இருந்தாள். அதையும் சுற்றி அழகாகத் தைத்திருந்தாள்.

"அது மூச்சு விடற பக்கமுங்க. இழுக்கற பக்கம் இதுங்க."

"எம்மா! விடுததுக்கு வழி வச்சிட்டு இழுக்கதுக்கு வைக்கலியா நான்?" என்று அவளே தலையில் தட்டிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். பெல்ட் ஓடியது. மஞ்சள் ஜப்லாக்கள் குகைக்குள் போய்ப் போய் வந்தன. விஷயம் அத்தோடு முடிந்த மாதிரிதான் இருந்தது.

ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலருகே போய்க் கேட்டேன். "அம்மிணி, நான் போனதுக்கப்பறம் அந்த லைட்டு ஏதாச்சும் மினுக்குச்சுங்களா?"

"ரெண்டு மூணு வாட்டி கண்ணடிச்சுது. கரண்டுன்னா கண்ணடிக்கத்தான செய்யும்?"

திருப்பூரில் அவள் பார்த்த கரண்டு எல்லாம் கண்ணடித்த கரண்டுதான். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. என் செட்டின் கரண்டு அப்படிச் செய்யாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். செட் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் சாயங்காலம் வாடகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். என்னைப் போன்ற ஆளுக்கு வாயை மூடுவதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை. அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. செட் விக்கியபோது அதற்கு ஏதாவது ஆனதா, ஆகவில்லையா என்றும் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு ஓடுகிற வேலையை நிறுத்தலாமா? நிறுத்தி ஒன்றும் இல்லை என்று ஆனால் என்னை இனி யார் கூப்பிடுவார்கள்? எல்லாம் யோசித்தேன். யோசிக்கிற நேரத்திலும் ஜப்லாக்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

செந்தில் ஷட்டர் பக்கம் நின்று லாரி டிரைவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவராகத் திரும்பும்வரை நின்றேன்.

"சொல்லுங்ண்ணா."

"அந்த அட்டையை ஒருக்கா விட்டுப் பாக்கலாமுங்களா?"

"ஏனுங்ண்ணா, ஏதாச்சும் தப்புங்களா?"

"தெரியலீங்க. பாத்துட்டா நல்லதுங்க."

அட்டையை விட்டார்கள். மெஷின் கத்தியது.

"அதான் கத்துதில்லீங்ண்ணா? அப்பறம் என்னங்க?" என்று செந்தில் மறுபடி லாரிப் பக்கம் திரும்பினார்.

இப்போது கத்துகிறது, சரி. சட்டை போட்டிருந்தபோது கத்தியிருக்குமா? இதை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. வெளியே போனேன். மடித்து வைத்திருந்த ஜப்லாவை எடுத்து, செட்டுக்குத் திரும்பவும் போட்டேன். எலாஸ்டிக்கை இழுத்துவிட்டேன். நாடாவை முடிச்சுப் போட்டேன்.

"ஏட்டி, இங்க வந்து பாருங்க! அண்ணனுக்கு மனசு கேக்கல, மறுபடியும் போட்டுவிடுதாரு!"

ஜன்னலில் எல்லா முகங்களும் கூடிவிட்டன. நான் தலையைத் தூக்கவில்லை. செட்டின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு சத்தம் ஏற ஆரம்பித்தது. இறங்கியது. விக்கியது. உள்ளே பல்பு கண்ணடித்தது.

நான் கையைத் தூக்கினேன். ஜெயமேரிக்கு அது போதுமாக இருந்தது. ஓடிப்போய் அட்டையை பெல்ட்டில் வைத்தாள். அட்டை குகைக்குள் போனது, மறுபக்கம் வந்து ஜப்லாக்களின் மேல் விழுந்தது. சத்தமே இல்லை. மறுபடி வைத்தாள். மறுபடியும் சத்தமில்லாமல் வந்து விழுந்தது. பெல்ட் மட்டும் ஓடியிருக்கிறது, பார்க்கிற பகுதி தூங்கிவிட்டது.

ஹால் அமைதியானது செந்திலுக்கே கேட்டிருக்க வேண்டும். லாரியை விட்டுவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தை ஜெயமேரிதான் சொன்னாள், ஒளிவு மறைவில்லாமல். "சட்டயப் போட்டுவிட்டது நாந்தான் சார். அண்ணன் அப்ப இங்க இல்ல."

"எதுல இருந்துங்க்கா?"

"டீக்கு முந்தி ஓடுனது பூரா நீலம். அது சுத்தம். டீக்குப் பொறவு மஞ்ச. மஞ்சளுக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன்."

ஒட்டி அடுக்கிய மஞ்சள் பெட்டிகள் ஷட்டர் ஓரம் நின்றன. யாரோ மெதுவாக, "மேடம் மேலதானுங்க இருக்காங்க" என்றார்கள். பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர், பெங்களூரிலிருந்து வந்த பெண், மாடியில் தையல் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை. ஏற்றிவிடலாம்.

செந்தில் மாடிப்படியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, நீங்க பெட்ரோலுக்குப் போகாம இங்கயே இருந்திருக்கக் கூடாதுங்களா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். கொங்கு நாட்டுக்காரருக்குக் கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகாது.

"இருந்திருக்கலாமுங்க" என்றேன்.

அவர் மேஜையிலிருந்த பிளேடை எடுத்தார். முதல் பெட்டியின் டேப்பை அவரே கிழித்தார். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டேப் கிழிகிற சத்தம் கேட்டு மேடம் இறங்கி வந்தார். "எதுக்கு ஓப்பன் பண்றீங்க? நான் இன்னும் சாம்பிளே எடுக்கலையே?"

செந்தில் நடந்ததைச் சொன்னார். எதையும் விடவில்லை. மேடம் வெளியே வந்து, வாத்துப் படச் சட்டையோடு இருந்த செட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை யாரு தச்சது?"

ஜெயமேரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"நெக் ரிப் நீட்டா இருக்கு" என்றார் மேடம், சிரிக்காமல். "மஞ்சள் முழுக்க ரீபாஸ் பண்ணுங்க. ஒவ்வொரு பாக்ஸ் முடிஞ்சதும் டெஸ்ட் கார்டு. நான் இங்கேயே இருக்கேன்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு பெல்ட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சட்டையைக் கழற்றினேன். செட்டை நிறுத்தி, ஆறவிட்டு, பெட்ரோலை நிரப்பி, திரும்பவும் ஓட்டினேன். அட்டை கத்தியது. மஞ்சள் முதலிலிருந்து தொடங்கியது. லாரி டிரைவர் வந்து கத்திவிட்டுப் போனார். ஜெயமேரி அவருக்கு டீயும் போண்டாவும் அனுப்பினாள். இரண்டாவது போண்டாவுக்குப் பிறகு அவர், "சும்மா குந்தியிருக்கறதுக்கு..." என்று முனகிக்கொண்டே முடிந்த பெட்டிகளைத் தானே லாரிக்குத் தூக்க ஆரம்பித்தார்.

நான் செட்டை விட்டு அசையவில்லை. ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பெட்டி முடியும், அட்டை கத்தும், அடுத்த பெட்டி. வேறெதற்கும் அந்த மெஷின் கத்தவில்லை.

கடைசிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு வந்தது. சந்து முழுக்க 'ஓ' என்று ஒரு கூச்சல். ஹாலில் மற்ற விளக்குகள் எரிந்தன, ஃபேன்கள் சுற்றின. எலக்ட்ரீஷியன் ஓடிவந்து என் வயரின் பிளக்கில் கை வைத்தார். "மெயின்லயே மாத்திக்கலாமுங்களா?"

நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் செந்திலின் குரல் கேட்டது.

"தொடாதீங்க!"

எலக்ட்ரீஷியன் கையை எடுத்துவிட்டார்.

"நடுவால மாத்துனா மறுபடியும் ஒரு விக்கல். ஆரம்பிச்சது இதுல, முடியறதும் இதுலயே முடியட்டும்" என்ற செந்தில், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "சரிதானுங்ண்ணா?"

"சரிங்க" என்றேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். நம் செட்டைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வந்தால், அந்தக் கரண்டில் ஓடும் வேலையும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். அதைச் சொல்லத் தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். எனக்கு அன்றும் தைரியம் வரவில்லை. கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டேன், அவ்வளவுதான். உங்களுக்குப் பேச வந்தால் பேசுங்கள், வராவிட்டால் செய்து காட்டுங்கள்.

கடைசி மஞ்சள் ஜப்லா சத்தமில்லாமல் வந்து விழுந்தது. கடைசித் தடவையாக அட்டையை விட்டார்கள். கத்தியது. மேடம் வேண்டிய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருட்டுவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

ஜெயமேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காலியான ஷட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டுப் பாடுபட்டும் ஒரு ஊசி முனகூடக் கெடைக்கலியே சார்!"

செந்தில் அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "நாம அனுப்பறதே அந்த 'ஒண்ணும் கெடைக்கல'ங்கறதத்தானுங்க்கா."